எக்ஸ்ரே பார்க்காமல் மிதிப்பதில்லை

பேப்பர் கட்டு ஒன்றைத் தாண்டும்போது கால் பட்டுவிட்டது. முப்பிடாதியம்மாள் உடனே குனிந்து, கட்டைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். நான் கடையில் நின்ற கால் மணி நேரத்தில் இது ஏழாவது தடவை. பழைய பேப்பர் கடையில் பேப்பர் மேல் கால் படாமல் நடமாட வேண்டுமென்றால் பறக்கத்தான் வேண்டும். அவளுக்கோ கனத்த சரீரம். நிமிரும்போதெல்லாம் “கோமதித் தாயே” என்று அம்பாளைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்கிறாள். அடுத்த நிமிடம், வழியில் கிடந்த துருப்பிடித்த சைக்கிள் சட்டத்தை அதே காலால் ஓர் எத்து எத்தி ஓரங்கட்டினாள். இரும்புக்குக் கும்பிடு கிடையாது.

மனிதர்களுக்கும் கிடையாது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அவளிடம் மிதி வாங்காத ஆண்பிள்ளைகள் குறைவு. எல்லாம் கேட்டு வாங்கிய மிதிதான். முப்பிடாதி பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். காலால் பிறந்தவர்கள் மூன்று தடவை மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. போன வருஷம் என் இடுப்புப் பிடித்துக்கொண்டபோது, படித்தவன் என்கிற வீறாப்பைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டு நானும் போய்க் குப்புறப் படுத்தேன். மறுநாள் சரியாகிவிட்டது. மிதித்ததால் சரியானதா, தானாகச் சரியானதா என்கிற ஆராய்ச்சியில் நான் இறங்கவில்லை.

அன்றைக்கு மிதி வாங்கி எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டேன்: “பேப்பர்ல கால் பட்டாத் தொட்டுக் கும்பிடுதிய. மனுசன மிதிச்சாக் கும்பிட மாட்டேங்கியளே, ஏன்க்கா?”

“அது வைத்தியம்லா தம்பி. ஊசி போட்டுட்டு டாக்டரு மன்னிப்புக் கேப்பாரா?”

ஆனால் அந்தக் கால் இப்போதெல்லாம் லேசில் கிடைப்பதில்லை. கடையில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, டிவி பெட்டியின் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறாள்: ‘விழுந்து வந்தவர்களுக்கு எக்ஸ்ரே பார்க்காமல் மிதிக்கப்பட மாட்டாது.’ அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ் ஒன்று. மேலநீலிதநல்லூரில் மகளிர் குழுவினருக்கு மூன்று நாள் முதலுதவிப் பயிற்சி நடந்தபோது வாங்கியது. அங்கே எல்லோரும் மதியச் சாப்பாட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்க, இவள் ஒருத்தி மட்டும், “காலால மிதிக்கதப் பத்தி எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?” என்று கேட்டுக் கேட்டுப் பயிற்சி கொடுத்தவரைத் திணறடித்திருக்கிறாள். மிதிக்கவே கூடாது என்று அவர் தலையில் அடித்துக்கொண்டாராம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு மிதிப்பது என்ற சமரசம் முப்பிடாதி தானாகச் செய்துகொண்டது.

யாராவது நொண்டிக்கொண்டு வந்தால் பேப்பர் கட்டின் மேல் உட்கார வைத்து விசாரணை தொடங்கும். “விழுகையில படக்குன்னு சத்தம் கேட்டுச்சா? நாலு எட்டு வச்சு நடக்க முடியுதா? இங்கன எலும்பத் தொட்டா உசுரு போகுதா?” பதிலில் எங்கே சறுக்கினாலும் ஆஸ்பத்திரிதான். எண்ணெய் தேய்க்கக் கூடாது, உருவக் கூடாது, இழுக்கக் கூடாது. வெறும் சுளுக்கு என்று தோன்றினாலும் முதல் நாள் ஐஸ்தான். பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கித் துண்டில் சுற்றிக் கொடுப்பாள். ஒருநாள் ராயகிரிக்காரர் ஒருவர் அந்தத் துண்டைப் பிரித்து ஐஸை வாயில் போட்டு மென்றுவிட்டார். “வே, அடி ஒம்ம பல்லுலயா பட்டிருக்கு?” என்று இவள் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது.

எலும்பு என்று சந்தேகம் வந்துவிட்டால் அவள் கடையே மருந்துக்கடை ஆகிவிடும். விரலுக்குக் கல்யாணப் பத்திரிகை. மணிக்கட்டுக்கு வாரப் பத்திரிகை இரண்டு. காலுக்கு வாஷிங் மெஷின் வந்த அட்டை. “மேல் மூட்டும் கீழ் மூட்டும் சேந்து அடங்கணும். கோணலா இருந்தாக் கோணலாவே கட்டு. நிமித்துறது டாக்டரு வேலை” என்று தனக்குத்தானே பாடம் சொல்லிக்கொண்டே கட்டுவாள். கட்டி முடித்ததும் நகத்தை அழுத்திப் பார்ப்பாள். வெளுத்த நகம் உடனே சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் கட்டைத் தளர்த்துவாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் வாசலில் பார்த்ததுமே, “பேப்பர் கடைக் கேஸா?” என்பாராம். பரீட்சை முடிந்த கையோடு கணக்கு வினா வங்கியை எடைக்குப் போட்டுவிட்டுக் குதித்துக்கொண்டு போன பையன் ஒருவன், மறுநாளே மரத்திலிருந்து விழுந்து வந்தான். அதே வினா வங்கியைத்தான் அவன் கையில் வைத்துக் கட்டினாள். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டான், கணக்குப் புத்தகம் திரும்பி வந்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பனவடலிசத்திரத்திலிருந்து வந்த கனகலட்சுமியோடு ஒரு பெரிய போராட்டமே நடந்தது. கால் விரல் பணியாரம் போல வீங்கிக்கொண்டிருக்கிறது. மெட்டியைக் கழற்றச் சொன்னால், “கட்டுன புருசன் குத்துக்கல்லு மாதிரி இருக்கையில மெட்டியக் கழட்டச் சொல்லுதியளே” என்று அழுகிறாள்.

“ஏட்டி, இன்னும் செத்த நேரம் போனா வெட்டித்தான் எடுக்கணும். ஒம் புருசனுக்கு ஒண்ணும் ஆவாது. அவ்வளவு பயமா இருந்தா அவரு விரல்ல மாட்டி விடு, திரும்பி வந்து வாங்கிக்க.”

சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றிய மெட்டியைப் புருஷன் நிஜமாகவே சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

இத்தனை சட்டதிட்டங்களும் எங்கிருந்து வந்தன என்பதற்குப் பதில், தினமும் நான்கு வேளை கடைக்குள் வந்து போகிறது. சண்முகையா, அடுத்த கடை டீ மாஸ்டர். வலது காலை ஒரு பக்கமாக இழுத்து இழுத்து நடப்பார். அவர் கையிலிருக்கிற கம்பித் தூக்கில் டீ கிளாஸ்கள் ஒரே சீராகக் குலுங்காது. அந்தச் சத்தம் கேட்டதுமே முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டு எதையாவது எடை போட ஆரம்பித்துவிடுவாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சண்முகையாவுக்குக் கால் பிசகியது. நேராக இவளிடம் வந்தார். இவளும் கேள்வி கேட்காமல் மூன்று மிதி மிதித்தாள். உள்ளே வெறும் கீறலாக இருந்த எலும்பு அதில் விலகிப்போனது. அதற்கு மேல் எண்ணெய்க் கட்டு, உருவிவிடல் என்று இரண்டு வாரம் அலைந்து, கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கோணலாகவே கூடிவிட்டிருந்தது. “எனக்கு எழுதியிருந்துச்சு, நடந்துச்சு. ஒங் காலு மேல பழியப் போட முடியுமா?” என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. “திட்டியிருந்தாக்கூட மன்னிச்சிருங்கன்னு சொல்லியிருப்பேன் தம்பி. இவரு டீயக் கொண்டாந்து நீட்டுதாரு. நான் என்னன்னு ஆரம்பிக்க?” என்றாள் ஒருநாள் என்னிடம்.

மற்றபடி இருவருக்கும் டீயை வைத்து ஓயாத சண்டை. அடிபட்டு வந்தவன் முகத்தைப் பார்த்ததும் சண்முகையா சூடாக ஒரு டீயோடு ஓடி வருவார். “ஆபரேசனு கீபரேசனுன்னு சொன்னா வெறும் வயிறா இருக்கணும், கொண்டு போங்க அண்ணாச்சி” என்று இவள் விரட்டுவாள். “அடிபட்டவனுக்கு டீ குடுக்காத ஊருல மழை எப்படிப் பெய்யும்?” என்று முனகிக்கொண்டே அந்த டீயை அவரே குடித்துவிடுவார்.

இந்த வருஷம் கோமதியம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முதல் நாள் அங்கே மழை பெய்தது. ஊரெல்லாம் வெளியூர்க் கூட்டம். கடைப்படியில் வழவழப்பான பத்திரிகை அட்டை ஒன்று நழுவிக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான் உள்ளே பழைய புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தேன். கிளாஸ்கள் குலுங்கும் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு மொத்தமாக உடையும் சத்தம்.

சண்முகையா படிக்குக் கீழே கிடந்தார். வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு அகப்பை போல வளைந்திருந்தது. லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த பாண்டியராஜன் ஓடி வந்தான். நூறு கிலோ மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவன்.

“அண்ணாச்சி, கையக் குடுங்க. ஒரே இழுப்புல நேராக்கிருதேன்.”

“தொட்டேன்னா ஒன்னய மிதிச்சே கொன்னுபோடுவேன்லே!” என்று முப்பிடாதி காலைத் தூக்கியபடி வந்தாள். மூட்டைக்காரன் நாலடி பின்னால் போனான்.

சண்முகையா இவளைத்தான் பார்த்தார். “நீ மிதிச்சு விடு தாயி. நாளைக்குத் தபசு. கடையத் தொறக்கணும். இந்தக் கை இல்லாம நான் எப்படி டீ ஆத்துவேன்?”

“மாட்டேன் அண்ணாச்சி.”

“ஒங் காலு ராசியான காலுல்லா.”

“ஒரு தடவை மிதிச்சது போதும்.”

ஒன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது அன்றைக்குத்தான்.  சண்முகையா கையை அசைக்காமல் மடியில் தாங்கிக்கொண்டார்.

 முப்பிடாதி அவர் விரலிலிருந்த செப்பு மோதிரத்தை எச்சில் தொட்டு மெல்லத் திருகிக் கழற்றினாள். என்னை அட்டை வெட்டச் சொன்னாள். இரண்டு வாரப் பத்திரிகைகளைக் கையின் வளைவுக்கு ஏற்றபடியே மேலும் கீழும் வைத்து, இடுக்கில் துணியைத் திணித்து, முழங்கையிலிருந்து விரல் வரை கட்டினாள். அவர் தோளில் கிடந்த துண்டையே தூளியாகக் கழுத்தில் மாட்டிக் கையை அதில் ஏந்தவிட்டாள். நகத்தை அழுத்தினாள். சிவந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் சிவந்தது. அப்படி ஏழெட்டுத் தடவை அழுத்திய பிறகு, “நகத்தையும் ஒடிச்சிராத தாயி” என்றார் சண்முகையா. ஆட்டோ வரும் வரைக்கும் ஒரு வாய் டீ கேட்டுப் பார்த்தார்.

“சொட்டுத் தண்ணி கெடையாது.”

“டீக்கடைக்காரனுக்கே டீ இல்லையா?” என்றார் சண்முகையா, கூடியிருந்தவர்களைப் பார்த்து. 

கடையை அப்படியே போட்டுவிட்டு அவளும் ஆட்டோவில் ஏறினாள். இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. நரம்புக்குப் பக்கத்தில்தான் முனை நின்றிருந்தது, யாராவது பிடித்து இழுத்திருந்தால் விரல்கள் பேருக்குத்தான் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். மயக்கம் கொடுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம். அந்த ஆறு வாரமும், கையை இழுக்க வந்த பாவத்துக்குப் பரிகாரமாகப் பாண்டியராஜன்தான் டீ ஆற்றினான். பலசாலி ஆற்றும் டீ பாதி தரையில் போகும் என்பதை ஊர் தெரிந்துகொண்டது. ருசியைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நாகரிகம்.

போன வாரம் நான் போனபோது கிளாஸ்களின் பழைய சத்தம் கேட்டது. முப்பிடாதி வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். மாவுக்கட்டு பிரித்த கை மெலிந்து, வெளுத்துப்போயிருந்தது. அந்தக் கையால் சண்முகையா கடை வாசலிலேயே நின்று ஒரு டீயை உயர்த்தி, தாழ்த்தி, ஒரு முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கிளாஸை அவள் முன்னால் வைத்துவிட்டு, பேப்பர் கட்டில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். கக்கத்திலிருந்து பெரிய உறை ஒன்றை எடுத்தார்.

“எக்ஸ்ரே கொண்டாந்துட்டேன். மிதி.”

அவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இது கைப் படம்லா?”

“ஒம் போர்டுல கை, கால்னு பிரிச்சு எழுதலையே.”

“கால் கூடி ஒம்பது வருசமாச்சு. இப்ப மிதிச்சு என்ன ஆவப்போவுது?”

“எனக்கு ஒண்ணும் ஆவாது. அது எனக்கே தெரியும்” என்றார் சண்முகையா. “நீ மிதி.”

முப்பிடாதி எழுந்தாள். அவர் கணுக்காலில் தன் கட்டைவிரலை மூன்று தடவை வைத்து எடுத்தாள். பேப்பர் மேல் வைத்திருந்தால்கூடக் கசங்கியிருக்காது. பிறகு குனிந்தாள். கோமதித் தாயைக் கூப்பிடவில்லை. இரண்டு கையாலும் அவர் காலைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். ஒற்றிய கைகளை எடுக்காமல் அப்படியே நின்றாள்.