பட்டணம் போகும் சரக்கு

கருங்குழிக் கடைத்தெருவில் கியாசுதீனைப் போல் முன்னுக்கு வந்த இன்னொருத்தரைக் காட்டுங்கள் பார்ப்போம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் போட்டவர். தலைச்சுமையாகக் கருவாடு விற்றார், பிறகு சைக்கிள் வாங்கினார், அப்புறம் சொந்த மாட்டுவண்டி. 1950களின் நடுவில் அச்சரப்பாக்கம் சந்தைக்கு அவர் வண்டி வந்து நின்ற பிறகுதான் மற்றவர்கள் கருவாட்டுக்கு விலையே பேசுவார்கள். புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு சொல்லில் சறுக்கினார்.

திருவிடந்தைக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகிற வழியிலுள்ள ஒரு குப்பத்தில்தான் அவருக்குச் சரக்கு. அங்கே கிடங்கு கிடையாது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காயப்போட்ட மீனில் பாதி புழுத்துப்போகும். அவருக்கு நஷ்டம் என்றால், காயவைக்கும் பெண்களுக்கோ அடுப்பே எரியாது. அந்த வருஷம் மழைக்கு முன்னால் கிடங்கு எழுப்பியே தீருவது என்று அவர் கரையோரமாக ஒரு வெற்று மணல்வெளியைத் தேர்ந்தெடுத்தார். படகிலிருந்து இறக்கினால் மீன் நேரே உள்ளே போகும்!

மீன் காயவைக்கும் ஆதியம்மாள் இடத்தைப் பார்த்ததும் கையை உதறினாள்.

"இங்கியா பாய்? இங்க கட்டினா உன் சரக்கெல்லாம் பட்டணம் பூடும்!"

கியாசுதீனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பட்டணம் என்றால் மதராஸ் அல்லவா!

"உன் வாய்க்குச் சக்கரை போடணும் ஆதியம்மா!"

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கூடையோடு போனாள். அவர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மைத்துனர் கிஃபாயத்துல்லாவிடம் மார்தட்டினார். "இனிமே நம்ம கருவாடு மதராஸ்ல மணக்கும் மச்சான்."

கடைக்கால் தோண்டியவன் ஆதியம்மாளின் தம்பி வரதன். கடல் பக்கத்துக் குழியில் இடுப்பளவு ஆழத்தில் கடப்பாறை 'ணங்'கென்றது. செங்கல் சுவர்! ஒவ்வொரு கல்லும் முழ நீளம். சுவருக்குள்ளே கிளிஞ்சலும் கடல் மணலும் அப்பிக்கிடந்தன. மேற்குப் பக்கத்துக் குழியில், அவ்வளவு ஆழம் போகாமலே, இன்னொரு சுவர். அதற்குள்ளும் அதே கடல் மணல்.

"இன்னாடா இது, யார் வூடு?"

"பட்டணம் பாய். ராசா காலத்து ஊரு. கடலு துன்னுட்டுது. அதனாலதான் கடலு எத எடுத்தாலும் பட்டணம் போச்சுன்னுவோம். போன வருசம் அக்கா குடிசை பட்டணம் போச்சே!"

கியாசுதீன் முகத்தில் ஈயாடவில்லை. கூடையோடு வந்து எட்டிப் பார்த்த ஆதியம்மாள் சிரிப்பை அடக்கமாட்டாமல் முந்தானையைக் கடித்தாள்.

"நான் வாணாங்கிறேன், நீ சக்கரை போடுறேங்கிற! மதராசுன்னு நெனச்சுகினியா?"

அவர் குழியோரம் உட்கார்ந்துவிட்டார். இடத்தை மாற்றினால் கடைத்தெரு கைகொட்டிச் சிரிக்கும். மாற்றாவிட்டால் கடல் சிரிக்கும். மழையோ வானத்தில் கூடாரம் போட்டுவிட்டது. ஆனால் அவர் கண் சும்மா இருக்குமா? இரண்டு சுவரிலிருந்தும் ஒவ்வொரு கல்லை எடுத்து ஒட்டி வைத்துப் பார்த்தார். அளவு பிசகவில்லை.

"இங்க பாரு ஆதியம்மா. ஆழத்துல கட்டினவன் அத்தோட அழிஞ்சிருந்தா, மேல அதே அளவுல கல்லு அறுத்தது யாரு?"

"அவன் வமுசம்தான். வேற யாரு?"

"அதான்! கடலு துரத்த, மேற்கால நகந்துகினு கட்டியிருக்கான். இன்னும் கொஞ்சம் நகந்திருக்கணும். அத நாம செய்யலாம், அதோ அந்தத் தோப்பு மேட்டுல."

"மேட்டுக்கு யாரு கூடை தூக்கறது?"

"என் வண்டி தூக்கும்."

தோப்பை ஒட்டிய மணல்மேட்டில் கிடங்கு எழும்பியது. கிஃபாயத்துல்லா வந்து பார்த்துவிட்டு, "மீனுக்குக் கால் முளைச்சிருச்சா மச்சான், மேடு ஏறி வருது?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கியாசுதீனும் சிரித்துக்கொண்டே ஓடு எடுத்துக் கொடுத்தார். கூரை மூடின வாரமே மழை பிடித்துக்கொண்டது.

கார்த்திகையில் புயல் வந்தது. பழைய குழிகள் இருந்த இடமே தெரியாமல் கடல் ஏறியது. மேட்டின் அடியை நக்கிவிட்டு நின்றுவிட்டது. கிடங்குக்குள்ளே ஒரு பக்கம் கருவாட்டு மூட்டைகள், மறுபக்கம் மொத்தக் குப்பமும். நாற்றத்துக்குக் குறைவில்லை, உயிருக்குச் சேதமில்லை. மூட்டை ஒன்றுகூட நனையவில்லை.

தண்ணீர் வடிந்ததும் ஆதியம்மாள் பழைய இடத்துக்குப் போகவில்லை. கிடங்கின் வடக்குச் சுவரையொட்டிக் குடிசைக் கம்பை ஊன்றினாள்.

"வண்டி திரும்ப வழி வாணாமா?" என்று கத்தினார் கியாசுதீன்.

"அந்தாண்ட திருப்பிக்க பாய். இங்க தெரு வருது."

வரதன் அடுத்த வீட்டுக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தான்.

"தெருவா இது? கோணலாப் போவுதேடா!" என்று கியாசுதீன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்.