ஓட்டை போடாமல் ஒரு நம்பர் பிளேட்

ராயபுரத்தில் நான் ஒர்க் ஷாப் வைத்திருந்தபோது, மண்டி முதலாளி ஒருவர் சீமையிலிருந்து கப்பலில் வந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். முன்னால் நம்பர் பிளேட் இல்லையென்று போலீஸ்காரர் பிடித்துவிட்டாராம்.

"மாட்டிக் கொடு. ஆனா ஓட்டை கீட்டை போட்டே, தொலைச்சுப்புடுவேன். உப்புக் காத்துல துரு ஏறிரும்," என்றார். ஊரார் காரிலெல்லாம் ஓட்டை போடுவதுதான் என் பிழைப்பு என்பதுபோல.

பல்லைக் கடித்துக்கொண்டு, பம்பரில் ஏற்கெனவே இருந்த போல்ட்டுகளிலேயே இரண்டு இரும்புப் பட்டைகளைப் பொருத்தி, பெயிண்ட் உரசாமலிருக்க சைக்கிள் டியூபை வெட்டி இடையில் கொடுத்து, பிளேட்டை மாட்டினேன். ஆள் குனிந்து, கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே பிளேட் ஆடுகிறதென்று சண்டைக்கு வந்தார். பார்த்தால், காரின் மூக்கில் துருப்பிடித்த குதிரை லாடம் ஒன்றை ஸ்குரூ போட்டு முடுக்கியிருந்தார்.

"இன்னா சார் இது, ரெண்டு ஓட்டை போட்டுக்கீறீங்க?"

"அது திருஷ்டிக்கு. நல்ல நேரம் பாத்துப் போட்டது. நீ மொதல்ல பிளேட்டை முடுக்கு."

கையிலிருந்த ஸ்பானரைப் பெட்டிக்குள் வீசினேன்.

"அதுக்கும் ஒரு நல்ல நேரம் பாத்துகினு வா நைனா."