சீனக் கிழவரின் இலவம்பஞ்சு

வெயில் ஏற ஏற எங்கள் வீட்டுத் தகரக் கூரை 'படக் படக்'கென்று நெளியும். அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு சந்துக்குள் பலகை வீடு, மேலே வெறும் தகரம், அதற்கடியில் என் தங்கை பிறந்து சில நாளே ஆகியிருந்தது. நாற்பது நாள் கழியும்வரை தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக் கூடாது, மின்விசிறிக் காற்றும் ஆகாது என்று அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, காவல் இருந்தார். பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. அம்மா விசிறி ஓய்ந்தார். நான் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அப்பாதான் வழி கண்டுபிடித்தார். ரொட்டிக்கடையில் வீசிய மாவுச் சாக்குகளைத் துவைத்து, மலாயில் 'தீலாம்' என்கிற பழைய மெத்தை ஒன்றைப் பிரித்து, அந்த இலவம்பஞ்சைக் காயவைத்து அடைத்தார். சாக்குகளின் வாயைத் தைத்தது நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் நான் போட்ட தையல் ஒன்றுகூடப் பிரிந்ததில்லை. மூட்டைகளைத் தகரத்துக்கு அடியில் சட்டம் அடித்துக் கட்டியதும் அறை மரத்தடி போல ஆனது. அன்றைக்குத்தான் பிள்ளை வயிறு நிறையக் குடித்துத் தூங்கியது.

மறுநாள் பசாரில் அத்தைக்குச் சேதி கிடைத்துவிட்டது: அது சந்துமுனையில் இறந்துபோன சீனக் கிழவர் படுத்த மெத்தை. எரிக்க வைத்திருந்ததை அவர் மனைவியிடம் கேட்டுத்தான் வாங்கினேன் என்று அப்பா சொல்லியும் எடுபடவில்லை. பிறந்த பிள்ளை தலைக்கு மேலே செத்தவர் பஞ்சா என்று அத்தை அரிவாளோடு முக்காலியில் ஏறியபோது, அம்மா பேசினார்.

"அறுங்க அண்ணி. அறுத்துட்டு, பிள்ளைய மடியில போட்டு நீங்களே விசிறுங்க."

அத்தை தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார், முக்காலியை விட்டு இறங்கினார்.

"சரி லா. ஆனா அந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும்."

ஊதுபத்தி கொளுத்தி, கூரையைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த வருடம் தீபாவளிக்கு முதல்நாள் படையலில் செத்துப்போன எங்கள் பெரியவர்களோடு அந்தச் சீனக் கிழவருக்கும் ஓர் இலை போட்டதும் அத்தைதான்.

இப்போது அந்தச் சந்தில் பலகையும் இல்லை, தகரமும் இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட காப்பிக்கடை. தங்கை பாயான் பாருவில் அடுக்குமாடியில் இருக்கிறாள். போன தீபாவளிக்கும் அவருக்கு இலை போட்டாள். அவர் பெயர் என்ன என்று அவள் பேத்தி கேட்டது. தங்கை என்னைப் பார்த்தாள். அவர் பெயர் தெரிந்தவர்கள் எல்லாம் அந்த இலைகளுக்கு எதிரே படத்தில் இருந்தார்கள். நான் எழுந்துபோய், நேராகவே இருந்த அவர் இலையை மறுபடி நேராக்கினேன்.