சாவிக்கொத்துப் பிசாசு

காய்ந்த உப்பு வெறுங்காலின் கீழ் நொறுங்கும் சத்தத்தை இன்று நினைத்தாலும், அதற்குப் பின்னால் ஒரு சாவிக்கொத்தின் கிலுகிலுப்பும் எனக்குச் சேர்ந்தே கேட்கிறது. அந்தச் சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிவிட்டவள் நான். கட்டிக்கொண்டவன் ஒரு பிசாசு.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கற்பிட்டிப் பக்கம், கடலோடு சேர்ந்த களப்பின் ஓரமாக வாப்பா நடத்திய உப்பளத்துக்குப் போகும் பாதையில், ஒல்லாந்தர் காலத்து உப்புக் 'கிட்டங்கி' ஒன்று கூரையில்லாமல் நின்றது. ஒரு கைப்பிடி உப்பு எடுத்தவனையும் ஒல்லாந்தன் அதற்குள் பூட்டிவைத்து அடித்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். "அசர் தொழுகைக்குப் பொறகு அங்கால போகாத, ஜின் இருக்கு" என்றும் சொல்வார்கள். இரண்டையும் கலந்து, பூட்டியவனையே செத்த பிறகும் உப்புக் காக்கும் பிசாசாக்கி, நாற்பது பக்கக் 'கொப்பி'யில் தொடர்கதை எழுதினேன். விடியலில் உப்பு வாருகிறவர்களை அவன் எண்ணுவான். கடைசியில் நிற்பவரைக் கிட்டங்கிக்குள் பூட்டுவான். உப்பு வாரும் பெண்களுக்கு எனக்கு மூத்தவளான ராத்தா அதைத் தேநீர் வேளையில் வாசித்துக் காட்டினாள்.

நான்காம் அத்தியாயத்துக்கு மறுநாள் ஒருவரும் வேலைக்கு இறங்கவில்லை. கடைசியில் நிற்க யாரும் தயாரில்லை. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பருவத்து உப்பு முழுவதும் பாத்திகளில் வாராமல் கிடந்தது. ஒரு மழை போதும், எல்லாம் மறுபடி தண்ணீராகிவிடும்.

"ஒங்கட மகள்ட பேய் போகட்டும் நானா, நாங்க வாறோம்" என்றார் அவர்களுக்கு மூத்தவரான மரியம் மாமி.

வாப்பா கொப்பியையும் பென்சிலையும் என் கையில் திணித்தார். "பெத்தவ நீ. நீயே அனுப்பி வை."

மாமி வீட்டு முற்றத்தில் ஒன்பது பெண்களும் சுற்றி உட்கார, எழுத எழுத வாசித்தேன். பெண்கள் உப்பை அள்ளி எறிய, பிசாசு பாத்தியில் விழுந்து கரைந்தான் என்று முடித்தேன்.

"அடி புள்ள, பாத்தியில கரைஞ்சா அந்த உப்ப ஆரு தின்னுற?" என்றார் மாமி.

வெட்டினேன். உப்பு வாரும் பலகையால் அடித்துக் களப்புக்குள் தள்ளினார்கள் என்று மாற்றினேன். முதல் அடி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்றார் மாமி. "அப்ப நாங்க பாத்துக்கிட்டா நின்ட?" என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒன்பது அடிகளையும் ஆளுக்கொன்றாகப் பெயர் போட்டு எழுதினேன்.

"சாவி?" என்றார் மாமி.

"அதுவும் களப்புக்குள்ள, மாமி."

"அப்ப சரி. எழும்புங்கடி!"

கடைசிக் குவியலைக் கிடுகால் மூடி முடிக்கவும் முதல் துளி என் மூக்கில் விழவும் சரியாக இருந்தது. வாப்பா நனைந்தபடியே சிரித்தார் என்பதை அன்றைய நாட்குறிப்பில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

யுத்தம் முடிந்தபின் எங்கள் கரைக்குச் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். கிட்டங்கி நின்ற இடத்தில் இன்று விடுதியொன்றின் வாகனத் தரிப்பிடம். உப்பளம் இல்லை, கொப்பியைக் கறையான் தின்றது, மாமியும் மௌத்தாகிவிட்டார். போன மாதம் களப்பில் படகுச் சவாரி போனபோது, வழிகாட்டி இளைஞன் இயந்திரத்தை நிறுத்தினான்.

"காது குடுத்துக் கேளுங்க, அடியில சாவி கிலுங்கும். ஒல்லாந்தன்ட பேய். முந்தி ஏழு பொம்புளைங்க அடிச்சுத் தள்ளின. பழைய சரித்திரம்."

பயணிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் எண்ணிக்கை தப்பாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. கையை உயர்த்தினேன்.

"ஏழில்ல தம்பி, ஒன்பது."

ஒன்பது பெயர்களையும் வரிசையாகச் சொன்னேன். வேறெதையும் திருத்தவில்லை.