வேதத்தில் அழுதவர்கள்

இந்த மலையில் துணி காயாது. பனங்காட்டுச் சீமையில் உட்கார்ந்து இதை வாசிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். நம் ஊரில் சேலையைப் பிழிந்து வேலியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய் வந்தால் அது மொடமொடவென்று நிற்கும். இங்கே ஆனி பிறந்துவிட்டால் கார்த்திகை வரைக்கும் சூரியன் விருந்தாளிதான். வந்தால் உண்டு, வராவிட்டால் கேட்க முடியாது. ஆகையால் போடிநாயக்கனூருக்கு மேலே ஏலத்தோட்டங்களில் குடியிருக்கிறவர்கள் ஈரத்துணியை ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஸ்டோர் என்றால் கடை அல்ல. பறித்த ஏலக்காயை மூங்கில் தட்டிகளில் பரப்பி, அடியில் விறகுச் சூடு கொடுத்து உலர்த்துகிற கூடம். அங்கே ஒரு மூலைத் தட்டியில் எங்கள் வீட்டுச் சேலை, பக்கத்து வீட்டு வேட்டி, குழந்தைத் துணி எல்லாம் காயும். அவற்றுக்கு நடுவில், வாரம் ஒரு தரம், என் வேதபுஸ்தகமும் காயும். காய வைக்காவிட்டால் பூசணம் பிடித்து ஏடுகள் ஒட்டிக்கொள்ளும். முதல் வருஷம் அதைத் தட்டியில் வைத்தபோது எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஊரில் வேதத்தைத் தரையில் வைத்தாலே அடி விழும். இங்கே அது ஏலக்காயோடு ஏலக்காயாகக் கிடந்தது.

என் வீட்டுக்காரர் ஞானமுத்து அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதுகிற ரைட்டர் உத்தியோகம் பார்த்தார். அதனால் எனக்கு ரைட்டரம்மா என்று பெயர். என் சொந்தப் பெயர் ஞானப்பூ என்பதை அந்த மலையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. ஸ்டோரில் காய் ஆய்கிற பெண்களுக்கெல்லாம் மூத்தவள் சிலமலையிலிருந்து வந்த வீராயி. பருவத்துக்குப் பருவம் குரங்கணி வழியாகத் தலைச்சுமையோடு ஏறி வருவாள். வாய் ஓயாத பொம்பளை. என் புஸ்தகத்தைத் தொடமாட்டாள். ஆனால் தட்டியில் அது கிடந்தால் சூடு கூடிவிடாமல் பார்த்துக்கொள்வாள். "ரைட்டரம்மா, ஒங்க சாமி கருகிப் போகப் போறாரு, வெரசா வந்து எடுங்க" என்று வாசலில் நின்று கத்துவாள். நான் கோபித்துக்கொள்ளப் பார்ப்பேன், சிரிப்பு வந்துவிடும்.

ஒரு வருஷம் ஐப்பசி மழையில் மலைச் சுரம் வந்தது. வீட்டுக்கு வீடு ஒருவர் படுத்தார்கள். எங்கள் வீட்டில் படுத்தது என் மகள் கிருபை. அப்போதுதான் ஓடப் பழகியிருந்தாள். குளிரும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. கொயினா மருந்து கொடுத்தோம், ஜெபித்தோம், போடிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்றால் பாதை முழுக்க வெள்ளம். ஒரு மத்தியானம், என் மடியிலேயே, அவள் போய்விட்டாள்.

அன்றைக்கு நடந்ததைத்தான் நான் உங்களுக்குச் சொல்லவேண்டும். செய்தி கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டுப் பெண்கள் வந்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாது. இழவு வீட்டுக்குப் போகிறவள் தூரத்திலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு, குரலெடுத்து அழுதுகொண்டே வருவாள். வந்து, செத்தவரின் தாயையோ பெண்டாட்டியையோ கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். ஒருத்தி ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் எடுப்பார்கள். வீராயிதான் முன்னால் வந்தாள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கையைக் காட்டி நிறுத்தினார். "யாரும் சத்தம் போடாதீங்க. எங்களுக்கு உயிர்த்தெழுதல்னு ஒரு நம்பிக்கை உண்டு. நாங்க ஒப்பாரி வைக்கிறது இல்லை" என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. நானும் உள்ளே நேராக நின்றேன். போர்டிங் பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்: நம்பிக்கை இல்லாதவர்கள் அலறுவார்கள், நாம் அமைதியாக இருப்போம். பெண்கள் அவிழ்த்த முடியோடு மழையில் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சபை உபதேசியார் ஏறி வர வழியில்லாததால், சோலைக்காட்டு ஓரத்தில் என் வீட்டுக்காரரே ஜெபம் சொல்லி அடக்கம் செய்தார்.

அதற்குப் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. அழவும் முடியவில்லை. இதை எந்தச் சபையிலும் நான் சாட்சியாகச் சொன்னதில்லை, உங்களுக்குத்தான் சொல்லுகிறேன். முழங்கால் போட்டால் முழங்கால்தான் வலித்தது. ஆண்டவரே என்று வாயெடுத்தால் அடுத்த வார்த்தை கிடையாது. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அவர் ஜெபிப்பார், நான் ஆமென் சொல்வேன். ஒரு நாள், உம்முடைய சித்தத்துக்காக ஸ்தோத்திரம் என்று முடித்தார். எனக்கு ஆமென் வரவில்லை. அவர் காத்திருந்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். வேதபுஸ்தகத்தைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். இனி அந்த வீட்டில் தேவன் இருந்தாலும் எனக்கு அவரோடு பேச்சு இல்லை என்பதுதான் அப்போது என் நிலைமை. அவரில்லாமல் எப்படி வாழ்வது என்பதும் எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவரோடுதானே பேசிக்கொண்டிருந்தேன்!

பெண்கள் என் வீட்டுப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்கள். அவமானப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்படியில்லை என்று பின்னால் தெரிந்தது. என் மேல் பயந்திருந்தார்கள். அழாமல் திரும்பிய துக்கம் கூடவே வீட்டுக்கு வந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். அதிலும் பெற்றவளே அழவில்லை என்றால்?

மார்கழிப் பனியில் ஒரு காலை, வீராயி வாசலில் வந்து நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரைட்டரம்மா, பொஸ்தகத்தக் காயப் போட வரக் காணமே. பூசணம் அப்பிருமே. கொண்டாங்க, நான் கொண்டுபோயிக் காய வைக்கிறேன்" என்றாள்.

"வேண்டாம்."

"காசா பணமா கேட்டேன்? கொண்டாங்கன்னா."

அவளோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அட்டையெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. தொடவே தொடாதவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் திருப்பிக் கொண்டு வந்தபோது ஏடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, துணியால் ஒற்றிக் காயவைத்திருந்தாள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிராதீக. புள்ள செத்தா அழுகக்கூடாதுன்னு இதுக்குள்ள எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு" என்றேன் வெடுக்கென்று.

"அட பாவமே" என்றாள். எனக்காக இல்லை, அந்தப் புஸ்தகத்துக்காகவே பரிதாபப்பட்டது போலிருந்தது. உடனே திரும்பிப் போய்விட்டாள்.

அந்த "அட பாவமே" என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. எங்கே எழுதியிருக்கிறது என்று எடுத்துக் காட்டி அவள் வாயை அடைக்கவேண்டும் என்ற ஆங்காரத்தில்தான் புஸ்தகத்தைத் திறந்தேன். பக்தியினால் அல்ல. மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவள் நான், தேடத் தெரியாதா? அடுத்த சில நாட்கள் சோறு பொங்குகிற நேரத்திலும் தேடினேன். மரித்தோருக்காக நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்கவேண்டாம் என்ற அப்போஸ்தலன் நிருபம் உடனே கிடைத்தது. திரும்பப் படித்தேன். அவர்களைப் போல வேண்டாம் என்றுதான் இருந்தது, அழவே வேண்டாம் என்று இல்லை. பிறகு மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். மகன் செத்தான் என்று கேட்டு மேல்வீட்டுக்கு ஏறிப்போய், மகனே மகனே என்று பெயரைச் சொல்லிச் சொல்லி அழுத ராஜா. பிள்ளைகளை இழந்து, ஆறுதலே வேண்டாம் என்று சொல்லிவிட்ட ராகேல். சிநேகிதனின் கல்லறைக்கு முன்னால் கண்ணீர் விட்ட நம்முடைய இரட்சகரே. அதற்கும் மேலே, எரேமியா தீர்க்கதரிசியின் ஆகமத்தில், ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்களைக் கூப்பிட்டனுப்புங்கள், அவர்கள் வந்து நம் கண்களை நனையச் செய்யட்டும் என்று கர்த்தரே சொல்லுகிறார்!

கூப்பிடாமலே வந்தார்கள் ஐயா, என் வாசலுக்கு. நாங்கள் திருப்பி அனுப்பினோம்.

இவையெல்லாம் நான் படிக்காத இடங்கள் அல்ல. பலதடவை வாசித்துத் தாண்டிப் போன இடங்கள். குறை எதுவும் இல்லாத வயதில் வாசித்தால் அந்த அழுகை காதில் விழாது போலிருக்கிறது.

மறுநாள் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உலர்ந்த காயின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். "வீராயி அக்கா, நான் சொன்னது தப்பு. அப்படி எழுதலை. எப்படி எழுதியிருக்குன்னு வாசிக்கேன், கேளுங்க" என்றேன். ராஜாவின் கதையை வாசித்தேன். வாசித்து முடித்ததும் பிரசங்கம் எதையும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை. வீராயி தொழில்காரி மாதிரி விசாரித்தாள்.

"அந்த மகன் ஆளு எப்பிடி இருப்பான்?"

"அழகா இருப்பான். முடி அடர்த்தியா இருக்கும்."

"அப்ப ஒப்பாரிய முடியில இருந்துதேன் எடுக்கணும்" என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பிறகு காயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒங்க மகளுக்கு என்னம்மா பிரியம்?"

யாரும் அதுவரை என்னிடம் அதைக் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் அவள் பெயரையே எடுப்பதில்லை. நான் வாயைத் திறந்தேன். "கருப்பட்டி. ஊரிலிருந்து வந்த கருப்பட்டியை அடுக்குப் பானையில் ஒளிச்சு வைப்பேன். எப்படியும் கண்டுபிடிச்சிருவா." அவ்வளவுதான் சொன்னேன். வீராயி எழுந்து வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, குரலெடுத்தாள்.

"அடுக்குப் பான தொறந்திருக்கு, என் கண்ணே, 
 ஆளக் காணோம் தேடி வர, 
 கருப்பட்டி கரையலியே, என் கண்ணே, 
 கடிச்ச பல்லு என்ன ஆச்சோ!"

"அழு தாயி, அழு" என்றாள் காதுக்குள். அழுதேன் என்றால் சாதாரண அழுகை அல்ல. அவர்கள் மெட்டிலேயே எனக்கும் வரி வந்தது. என் ஆண்டவரே, ஏன் எடுத்தீர், பாதையில் வெள்ளத்தை ஏன் விட்டீர், உமக்குப் பிள்ளையா இல்லை என்று கேட்டேன். சண்டைதான் போட்டேன். ஆனால் அவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நடுவில் எனக்கே தெரிந்தது. மாதக்கணக்கில் வராத ஜெபம் அன்றைக்கு ஏலக்காய்த் தூசிக்குள், அஞ்ஞானிகள் என்று நம் ஊரில் சொல்லப்படுகிறவர்களின் நடுவில் வந்தது. சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் ஸ்டோர் வாசலுக்கு வந்து நின்றாராம். உள்ளே வரவில்லை. அன்று சாயங்கால ஜெபத்தில், கிருபை என்று அவள் பெயரைச் சொன்னவர், அதற்குமேல் சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டார். மிச்சத்தை நான் சொல்லி முடித்தேன்.

அதற்குப் பிறகு வாரந்தோறும் ஸ்டோரில் வாசித்தேன். போனவுடனே "இன்னைக்கி யாரு அழுகுறா?" என்று கேட்பார்கள். எப்போதும் அழுகை இருக்காது, சிரிக்கிற இடமும் உண்டு என்று சொன்னால் நம்பமாட்டார்கள். கிழவயதில் பிள்ளை பிறக்கும் என்று கேட்டுச் சாராள் கிழவி சிரித்த கதையைச் சொன்னபோது, வயிறு குலுங்கச் சிரித்தது வீராயிதான். அவர்களில் யாரும் ஞானஸ்நானம் பெறவில்லை. மிஷனுக்கு எழுதுகிற கணக்கில் இந்தக் கூட்டம் வராது. ஆனால் புதிதாக உயிர் வந்தது எனக்கு.

சென்ற கோடையில் ஊருக்கு வந்திருந்தேன். உங்களில் சிலர் என்னைப் பார்த்தீர்கள். என் பேச்சில் மலைக்காட்டு வாடை அடிக்கிறது என்று கேலி செய்தீர்கள். என்னைப் பெற்ற அம்மை வீட்டில் கூடின பெண்கள் ஜெபக்கூட்டத்தில் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். கிருபையின் பெயர் வந்ததும் குரல் தானாக அந்த மெட்டுக்குப் போய்விட்டது. உபதேசியார் சம்சாரம் இருமினார். இன்னொருத்தி கண்ணைத் திறந்து பார்த்தாள். சீக்கிரமே ஆமென் சொல்லி எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

அம்மை கதவைச் சாத்தினாள். வசவு விழப்போகிறது என்று நின்றேன். என் தம்பி செல்லையா காலராவில் போனபோது நான் போர்டிங்கில் இருந்தேன். அம்மை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்லறைத் தோட்டத்தில் நின்றாளாம். அந்த விசுவாசத்தைக் குறித்து கோயில் குருவான ஐயர் பிரசங்கத்திலேயே மெச்சினாராம். அந்த மெச்சலை அவள் அத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தாள். அன்றைக்குப் பக்கத்தில் வந்து, யாரும் கேட்டுவிடக்கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"ஏட்டி, அந்த மலைக்காரிய பாட்டுல நம்ம செல்லையா பேர வச்சுச் சொல்ல முடியுமாட்டி?"

"முடியும்மா" என்றேன். "அவனுக்கு என்ன பிரியம்னு நீ சொல்லு."

சொன்னாள். நான் அவளையும் தரையில் உட்கார வைத்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். முதல் வரியை நான் எடுத்தேன், இரண்டாவதை அவளே எடுத்தாள். அப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. என் தோளுக்கு மேலே அம்மை தெற்கு ஜன்னல் வழியாகக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து அழுதாள். அவள் தோளுக்கு மேலே எனக்கு வடக்குச் சுவர்தான் தெரிந்தது. அதற்கப்பால் எங்கேயோ என் மலை இருந்தது.