பூக்கக் கூடாத கொல்லை

டிசம்பர் லீவுக்கு அரியலூர் ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டிருந்தபோது எங்கள் தாவரவியல் மேடம் சொன்னார்: "லீவை உருப்படியா கழிங்க. போனை நோண்டிட்டு வந்து நிக்காதீங்க." அந்தப் பேச்சு எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கொல்லையில் விதைப் பருத்திக்குக் கிராஸிங் வேலை நடந்துகொண்டிருந்தது. போன செமஸ்டரில் செயற்கை மகரந்தச் சேர்க்கைக்குப் படம் வரைந்து முழு மார்க் வாங்கியவள் நான். வீட்டுக்குப் போய் அவர்களுக்கு நாலு விஷயம் சொல்லிக்கொடுக்கலாம் என்ற நினைப்போடுதான் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். பையில் காலேஜ் இடுக்கியும் ஒரு லென்சும் இருந்தன.

எங்கள் ஊர் வாலிகண்டபுரத்துக்குப் பக்கம். ஒரு ஏக்கர் கொல்லையில் வருஷா வருஷம் மக்காச்சோளம்தான். அதை மாற்றியது அண்ணி. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், என்னைவிட இரண்டே வயது மூத்தவள், பத்தாவதோடு நின்றவள். வீட்டில் வாயே திறக்காதவள் ஒருநாள் அப்பாவிடம், "விதைப் பருத்தி போடலாங்க மாமா. எங்க ஊர்ல செய்றதுதான், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். அப்பா அரை மனதாகச் சம்மதித்தார். "நேத்து வந்த பொண்ணு பேச்சைக் கேட்டு ஆடறான்" என்று சொந்தக்காரர்கள் பேசியது அண்ணி காதுக்கும் வந்தது. இந்த ஒரு ஏக்கர் தேறாவிட்டால் எங்கள் வீட்டில் அண்ணியின் வார்த்தைக்கு மறுபடி ஒரு மதிப்பு வராது. அது எல்லோருக்கும் தெரியும்.

வேலை இதுதான். கொல்லையின் ஒரு ஓரத்தில் ஆண் செடி, மீதியெல்லாம் பெண் செடி. பெயர்தான் பெண், அதன் பூவிலும் மகரந்தம் இருக்கும். நாளைக்குப் பூக்கப்போகிற மொட்டை இன்று மத்தியானமே கண்டுபிடித்து, இதழோடு சேர்த்து உள்ளே இருக்கும் மகரந்தத்தையும் உரித்துவிட வேண்டும். நடுவில் நிற்கும் சூலகத்தில் கீறல் விழக் கூடாது. அடையாளத்துக்கு அதன்மேல் ஒரு சிவப்புக் காகிதக் குல்லா. மறுநாள் காலையில் குல்லாவை எடுத்துவிட்டு ஆண் பூவைக் கொண்டுவந்து தடவ வேண்டும். கண்ணுக்குத் தப்பிய மொட்டு காலையில் விரிந்து தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். அந்த விதை கலந்தால் எல்லாமே கலப்படம். ஆகவே பெண் வரிசையில் ஒரு பூகூடப் பூக்கக் கூடாது. விதைக் கம்பெனி சார் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். பூவைக் கண்டால் இந்தக் கொல்லை விதையே வேண்டாமென்று தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

முதல் நாள் நான் இடுக்கியோடு உட்கார்ந்து ஐந்து மொட்டு முடிப்பதற்குள் அண்ணி ஒரு வரிசையே முடித்திருந்தாள். "பாப்பா ஆபரேஷன் பண்ணுதுடி" என்று கூட வேலைக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். ரோஷத்தோடு இடுக்கியைப் பையில் போட்டுவிட்டு அண்ணியின் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தை மொட்டின் அடியில் வைத்து ஒரு சுற்று, அவ்வளவுதான். குழந்தைக்குச் சட்டையைக் கழற்றுவதுபோல் இதழ் முழுசாகக் கையோடு வந்தது. லென்சை வைத்துத் தேடினேன். ஒரு கீறல் இல்லை, ஒரு துளி மகரந்தம் இல்லை. அண்ணியோ அந்த மொட்டைப் பார்க்கக்கூட இல்லை, என்னிடம் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. என் கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்த இரண்டு மொட்டுகளைக் காட்டி, "இது நாளைக்கு. அது நாளன்னிக்கு" என்றாள்.

"எப்படி அண்ணி தெரியுது?"

"தெரியுதே!" என்று சிரித்தாள்.

இரண்டாவது மொட்டில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். சொன்ன நாளில் சொன்னபடி அது முற்றி நின்றது. நாளைய பூ இவள் கண்ணுக்கு இன்றைக்கே தெரிகிறது. எங்கள் லேபில் அப்படி ஒரு கருவி கிடையாது.

வாய்க்கால் ஓர வரிசையை எனக்குக் கொடுத்தாள். நானும் நகத்தால் உரிக்கப் பழகினேன். தினமும் காலையில் டீ குடித்துவிட்டு எட்டு மணிக்குப் போய்ப் பார்ப்பேன், என் வரிசையிலும் ஒரு பூ இருக்காது. ஐந்தே நாளில் கைவந்துவிட்டதென்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்புக் குல்லாக்களைப் படம்பிடித்து வகுப்பு குரூப்பில் போட்டேன்.

ஆறாம் நாள், ஆண் பூ விரிவதைப் படமெடுக்கலாமென்று பனி காய்வதற்கு முன்பே போனேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. மற்ற வரிசைகளில் ஒன்றும் இல்லை, என் வரிசையில் மட்டும் அங்கங்கே வெளிர்மஞ்சளாகப் பூக்கள். அண்ணி குனிந்து ஒவ்வொன்றாகப் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி விழித்தாள்.

"எத்தனை நாளா அண்ணி இப்படி?"

"மொத நாள்லேர்ந்துதான். நாலஞ்சு தப்பும் பாப்பா, எல்லாருக்கும் தப்பறதுதான்."

நாலைந்து பூவுக்கு மடி அப்படித் தொங்காது. "சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மறுநாள் நீ வரமாட்ட."

அதற்குள் ரோட்டில் கம்பெனி சாரின் பைக் வந்து நின்றது. என் வரிசையில் பாதி அப்படியே கிடந்தது. ஆளுக்கொரு பக்கமாக ஓடி ஓடிப் பறித்தோம். ஒரு பூ போதும், அண்ணியின் வாக்கு போய்விடும்.

சார் அப்பாவோடு வரிசை வரிசையாக நடந்தார், செடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். அப்போதுதான் நானும் நிமிர்ந்து கொல்லையை முழுசாகப் பார்த்தேன். பூத்துக் குலுங்க வேண்டிய பருவத்தில், ஓரத்து ஆண் செடிகளைத் தவிர, ஒரு ஏக்கரிலும் ஒரு பூ இல்லை. பச்சையும் சிவப்புக் குல்லாக்களும்தான். ஆயிரக்கணக்கான மொட்டுகள், ஒன்று விடாமல் கைபட்டவை. கோயில் சன்னிதியில் நிற்பதுபோல் இருந்தது.

கடைசியாக என் வரிசையையும் பார்த்துவிட்டு சார் கேட்டார், "ஒரு பூ இல்லீங்களே! யாரு வேலை இது?"

"எங்க மருமவ" என்றார் அப்பா. "அது சொல்லித்தான் போட்டேன்."

அதுவரை அண்ணியைப் பற்றி அவர் ஒருவரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அண்ணி தலையைக் குனிந்து, மடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்தவை முழுக்க நான் விட்ட பூக்கள்.

அன்று மத்தியானம் வரப்பிலேயே தயங்கி நின்றேன். "என்ன நிக்கிற? உன் வரிசை கெடக்கு பாரு" என்றாள் அண்ணி.

மறுநாள் அவளுக்கு முன்னால் எழுந்து போய், என் வரிசையை நானே ஒருமுறை நடந்தேன். ஒன்பது பூ. கொண்டுவந்து கையை விரித்துக் காட்டினேன்.

அண்ணி எண்ணிப் பார்த்தாள். "நேத்து முப்பத்தி ரெண்டு" என்று சொல்லிவிட்டு ஆண் பூ பறிக்கப் போனாள்.