வாங்காத சாறிகள்

எங்கள் வீட்டில் மூச்சிளைப்பு பெரியம்மாவுக்கு. அதைப் பற்றிய புலம்பல் முழுக்க அம்மாவுக்கு. அம்மாவின் தமக்கையான பெரியம்மா கலியாணம் கட்டவில்லை. வெள்ளவத்தையில் எங்களோடுதான் இருந்தார். நுரையீரல் வருத்தம், இனி முற்றாக மாறாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கோ வருத்தத்தைவிட ஊர்வாய்க்குத்தான் பயம். "ரோட்டில நிண்டு இருமினா, காசம் எண்டு சனம் கதைக்கும் அக்கா. பேசாம வீட்டில இருங்கோவன்" என்பார். பெரியம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில், காலையில் ஹான்ட்பேக்கை மாட்டி, என் கையையும் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டுவிடுவார்.

ஒன்பது வயதுக்காரியான எனக்கு அது பெரிய அறுவை. காலி வீதி என்ற மெயின் ரோட்டில் ஒரு சாறிக்கடை விடாமல் நிற்பார். கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மையை மேலும் கீழும் பார்ப்பார். ஒரு சாறியாவது வாங்கினாரா என்றால், கிடையாது!

ஒரு பள்ளி விடுமுறையில் என்னையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். 'வெளியில் போகக்கூடாது' என்று டொக்டர் வாயாலேயே சொல்லவைப்பது அம்மாவின் திட்டம்.

டொக்டர் பெரியம்மாவைக் கொரிடோரில் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார்.

"ஐயோ டொக்டர், அவவுக்கு ஏலாது" என்றார் அம்மா.

"ஆர் சொன்னது?" என்று பெரியம்மா விறுக்கென்று எழும்பினார்.

இரண்டு தரம் போய்வந்தார். மூன்றாம் தரம் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல் ஒன்றின் முன் நின்று, வெகு கவனமாக வாசிக்கத் தொடங்கினார். முழுக்கச் சிங்களம்.

என் வாய் சும்மா இருக்குமா? "டொக்டர், பெரியம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது!" என்று கத்தினேன். வாங்கில் குந்திக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை, எதையோ எழுதினார். சிங்களம் தெரியாததற்கு இவ்வளவு எழுதுவானேன் என்று எனக்கு விளங்கவில்லை.

"பாத்தீங்களோ டொக்டர்? இனி வீட்டோட இருக்கச் சொல்லுங்கோ" என்றார் அம்மா.

"நிண்டு நிண்டு போகட்டும். நடக்கிறதை விட்டாத்தான் இன்னும் ஏலாமப் போகும்" என்றார் டொக்டர். அம்மாவின் காதில் விழுந்தது கடைசி இரண்டு சொல் மட்டும்தான்.

மறுநாள் காலையில் கேட் பூட்டியிருந்தது. திறப்பு அம்மாவின் கையில். "டொக்டரே சொல்லிப்போட்டார் அக்கா, ஏலாமப் போகுமாம்."

பெரியம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ர மூச்சு. அதை எங்க செலவழிக்கிறதெண்டு நான் பாத்துக்கொள்ளுறன். எடடி திறப்பை!"

அம்மாவை அவர் 'டி' போட்டுப் பேசி நான் கேட்டது அன்றுதான். அம்மா திறந்துவிட்டார்.

முதல் சாறிக்கடை வந்ததும் வழக்கம்போல நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "வாங்கவும் மாட்டீங்கள், பிறகேன் பாக்கிறீங்கள்? வாங்கோ பெரியம்மா!" என்று இழுத்தேன்.

தோள் ஏறி இறங்க, அவர் பொம்மையைப் பார்த்தபடியே என் கையை வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தார். நான் ரோட்டுக்கு ஓடிவிடுவேன் என்று அவருக்குப் பயம் என்றுதான் நினைத்தேன்.